ஏழாம் வீட்டு லைன்

ஒயரைப் பிடுங்கினது நான்தானே, அப்புறம் ஏன் இது எரியுது?

மர்ஜியா மனசுக்குள்தான் கேட்டுக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்க வீட்டில் வேறு ஆளில்லை.

சுவரில் மாட்டியிருந்த இன்டர்நெட் சுவிட்ச் பெட்டியில் பச்சை விளக்குகள் வரிசையாகத் துடித்துக்கொண்டிருந்தன. லப்பைக்குடிக்காட்டில் அந்தத் தெருவில் இன்டர்நெட் வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் அவள் வீட்டிலிருந்துதான் மொட்டைமாடி வழியாக ஒயர் போனது. வீட்டுக்கு ஒரு துளை, துளைக்கு மேல் ஒரு விளக்கு. அந்தி மஃரிப் தொழுகை முடிந்து, துபாயிலும் ஷார்ஜாவிலும் இருக்கிற புருஷன்மார்களோடு பெண்கள் பேச உட்காரும் நேரம். ஏழாவது துளை மட்டும் ஒயரில்லாமல், உள்ளே செம்புப் பற்கள் தெரிய, வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதன் விளக்கும் எரிந்தது. மற்றவற்றைப் போலத் துடிக்காமல், தூங்குகிறவர்களின் நெஞ்சு மாதிரி மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. அறையில் சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை. அந்த வாசனைக்கு அடியில் வேறொன்று கிடந்தது. இறைக்காமல் விட்ட கிணற்றை எட்டிப் பார்த்தால் முகத்தில் அடிக்குமே, அந்தப் பாசி வாடை.

ஏழு, ரஷீதா வீட்டு லைன்.

துபாயில் ஏதோ ஆபீசில் கழித்துப்போட்ட பெட்டி அது. மர்ஜியாவின் புருஷன் நிஜாமுதீன் கொண்டுவந்து மாட்டிய அன்றே சொல்லிக்கொடுத்தான். "இதுக்குள்ளயே சுவர் எழுப்பலாம் மர்ஜியா. விலேன்னு பேரு. வூட்டுக்கு ஒரு விலேன் போட்டுட்டா, ஒருத்தர் கம்ப்யூட்டர்ல இருக்கறது இன்னொருத்தருக்குத் தெரியாது. போடலைன்னா எல்லாரும் ஒரே கூடத்துல படுத்துக் கெடக்கற மாதிரிதான்." துபாய் திரும்பிப் போய்ச் சேர்ந்ததும் போனில் கேட்டான். போட்டுட்டேன் மச்சான் என்றாள். போடவில்லை.

முதலில் அது சோம்பல்தான். தெரு முழுக்கச் சொந்தம், பகலில் யாரும் வாசல் கதவைக்கூடச் சாத்துவதில்லை, இதற்குள் என்ன சுவர் என்றிருந்துவிட்டாள். பிறகு ஒரு மத்தியானம், அந்த வீடுகளின் கம்ப்யூட்டர்கள் தன் திரையில் பெயரோடு வரிசையாக நிற்பதைப் பார்த்தாள். தட்டினால் திறந்தன. ரஷீதாவுடையதும் திறந்தது. புருஷன் உபைது ஒருவன் கண்ணுக்காக எடுத்த படங்கள். முக்காடு இல்லாமல், கூந்தலை அவிழ்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு. மர்ஜியா உடனே மூடினாள். மறுநாள் மறுபடி திறந்தாள். அதற்கு அடுத்த நாளும். தன்னை இப்படி ஒரு படம் எடுத்து அனுப்பு என்று நிஜாமுதீன் ஒருபோதும் கேட்டதில்லை என்ற நினைப்பு ஒவ்வொரு தடவையும் வந்தது. கையைக் கழுவிவிட்டு வந்தாலும் விரல் பிசுபிசுத்தது. அப்போதும் சுவர் எழுப்பவில்லை. எழுப்பினால் பார்க்க முடியாது.

அவளுக்குத் திறந்திருந்த கதவு எல்லா வீட்டுக்கும்தான் திறந்திருந்தது. எந்த வீட்டில் எவன் எடுத்தானோ, படம் செல்போன் செல்போனாகக் கடைத்தெரு வரை போனது. ரஷீதாவே எவனுக்கோ அனுப்பியிருக்கிறாள் என்று தெரு முடிவு கட்டியது. கிணற்றில் விழுந்த ரஷீதாவின் மய்யித்தைத் தூக்கிய பிறகும் அந்தப் பேச்சை யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகுதான் மர்ஜியா உட்கார்ந்து எல்லா வீட்டுக்கும் விலேன் போட்டாள். ஏழாவது ஒயரைப் பிடுங்கினாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரில் சுவிட்சின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, ஏழாவது துளையை நிறுத்தினாள். விளக்கு அணைந்தது. அவள் நாற்காலியில் சாய்வதற்குள் மெல்ல ஏறியது.

போன் அடித்தது.

"லாத்தா, நான் உபைது பேசறேன்."

"சொல்லுங்க தம்பி."

"பைத்தியக்காரன்னு நெனச்சுக்குங்க, பரவால்ல. ரெண்டு மூணு நாளா அவ கேமராவுல வர்றா."

யார் என்று மர்ஜியா கேட்கவில்லை.

"முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. முடியிலேருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு. கூப்புட்டா திரும்ப மாட்டேங்கறா. இன்னைக்குத்தான் வாயைத் தொறந்தா. கதவு தொறந்து கெடந்துச்சு, மர்ஜியா லாத்தாவுக்குத் தெரியும்னா. எந்தக் கதவு லாத்தா?"

மர்ஜியா மவுஸைத் தொடவில்லை. திரையில் ரஷீதாவின் கம்ப்யூட்டர் தானாக வந்து நின்றது. தானாகத் திறந்தது. பழைய இடம். அதே படங்களின் வரிசை.

படங்களில் ரஷீதா இல்லை.

மர்ஜியா இருந்தாள். திரைக்கு உள்ளேயிருந்து எடுத்த மாதிரி, நேருக்கு நேர். நீல வெளிச்சம் விழுந்த முகம். லேசாகத் திறந்த வாய். பசியோடு முன்னால் சாய்ந்த கழுத்து. ஒவ்வொரு மத்தியானமும். ஒவ்வொரு சேலையிலும். இந்த முகத்தையா ரஷீதா பார்த்துக்கொண்டிருந்தாள்?

அந்த மௌனத்திலேயே உபைதுக்கு விளங்கிவிட்டது போல. அவன் குரல் இறங்கியது.

"நான் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டேன் லாத்தா. எம் மவ ருமைசாவை எங்கம்மா எத்தீம்கானாவுல, அனாதைப் புள்ளைங்களோட கொண்டுபோய் விடப் போறாங்க. இவ பெத்த புள்ள இந்த வூட்டுல இருக்கக்கூடாதாம். அம்மா இல்லாத புள்ள, அப்பனும் பக்கத்துல இல்ல. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. படத்தை ரஷீதா அனுப்பலைன்னு. அது போதும். புள்ளை வூட்டோட இருக்கும்."

கடைசிப் படம் மெல்ல நிறைந்தது. மேலிருந்து கீழாக.

இதே அறை. இதே நிமிஷம். காதில் ரிசீவரோடு மர்ஜியா. நாற்காலிக்குப் பின்னால் யாரோ. ஈரக் கூந்தல் முகத்தை மூடியிருந்தது.

தோளில் ஒரு சொட்டு விழுந்தது. சில்லென்று.

இன்னொன்று.

படத்தில் அந்தத் தலை குனிந்தது. கன்னத்தோடு கன்னமாக. ரிசீவரின் மறுபக்கத்தில் காதை வைத்தது. கேட்கக் காத்திருந்தது.

பாசி வாடை. மூச்சில்லை.

"லாத்தா? சொல்லுவீங்கல்ல?"

மர்ஜியா திரும்பிப் பார்க்கவில்லை. படத்தில் இருந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னால முடியாது தம்பி" என்றாள், ஒட்டியிருந்த அந்தக் காதுக்கும் கேட்கும்படி, மெதுவாக.