அடைக்கு உட்கார்ந்தவள்

பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். பண்ணையிலிருந்த கோழிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன.

யாழினி அப்போது அடுப்படியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்து மூன்று நாள்தான் ஆகிறது என்றாலும் அந்தச் சத்தம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. எட்டுக் கொட்டகைகளில் கம்பிக்கூண்டுகளுக்குள் அடைந்து கிடக்கும் நாற்பதாயிரம் வெள்ளைக்கோழிகளின் ஓயாத கொக்கரிப்பு, தூரத்தில் பெய்யும் மழைபோலக் காதில் விழுந்தும் விழாமலும் நாள் முழுக்க இருந்துகொண்டே இருக்கும். இப்போது அது அறுந்ததும் தகரக்கூரை வெயிலில் முறுகுவதும், குழாயில் தண்ணீர் சொட்டுவதும், தன் தொண்டையில் தண்ணீர் இறங்குவதும்கூட அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டன. எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு சத்தம். தொண்டைக்குள்ளேயே உருண்டு, வெளியே வராமல் அடங்கும் முனகல். அடைக்கு உட்கார்ந்திருக்கும் நாட்டுக்கோழியின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அப்படித்தான் முனகும்.

அரை நிமிடம்தான். பிறகு நாற்பதாயிரமும் ஒன்றாகக் கத்தத் தொடங்கின.

முட்டை பொறுக்கும் குப்பாயி அட்டைகளைச் சுமந்துகொண்டு வாசல் வழியாகப் போனாள். யாழினி அவளைக் கூப்பிட்டு, இங்கே ஏதாவது கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறதா என்று கேட்டாள்.

“வெள்ளக்கோழி அடைக்கு உக்காராதுங்க சாமி,” என்றாள் குப்பாயி. “அதுக்கு அந்த நெனப்பே கெடையாதுங்க. முட்டை போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காது.”

சொல்லும்போது அவள் யாழினியின் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வெயிலில் வேகமாக நடந்து போய்விட்டாள்.

அந்தக் கையில் ஒரு முட்டை இருந்தது.

காலையில் அவள் கணவர் வீரபாகு நாமக்கல்லுக்குக் கிளம்பும்போது கொடுத்தது. வாத்து முட்டையைவிடப் பெரியது, சுண்ணாம்பு வெள்ளை. சாவிக்கொத்தை அவள் வலது கையில் வைத்தார். முட்டையை இடது கையில் வைத்து, அவள் விரல்களைத் தன் விரல்களாலேயே மடக்கிவிட்டார்.

“எங்கூட்டு வழக்கம் இது. நா வர்ற வரைக்கும் கீழ வெச்சராத. கையிலயோ மடியிலயோ இருக்கட்டும்.” வாசல்வரை போனவர் திரும்பினார். “ஒம்பதாவது கொட்டாய்ப் பக்கம் மட்டும் போவ வேண்டாம். ஓடெல்லாம் உழுகற மாதிரி இருக்குது.”

அவர் ஒருபோதும் குரலை உயர்த்துகிறவர் அல்ல. நல்ல நாள் பார்க்கும்வரை என்று சொல்லி முன்னறையிலேயே படுத்துக்கொண்டார். தினமும் அவளுக்குப் பூ வாங்கி வந்தார். யாழினிக்கு அவருடைய அந்த நல்ல குணம்தான் பயமாக இருந்தது. அக்காவிடமும் இப்படித்தான் நடந்துகொண்டிருப்பார்.

அவளுடைய அக்கா அன்புச்செல்வி இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வீட்டுக்கு வாழ வந்தவள். எட்டாவது மாதம் வீரபாகு பள்ளிபாளையத்துக்கு வந்து, அவர்கள் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, அவள் தீவன லாரி டிரைவரோடு போய்விட்டாள் என்று சொல்லி அழுதார். விசைத்தறிக்குப் போகிற அப்பா பச்சமுத்து, தறிப் பஞ்சு ஒட்டிய தலையோடு மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். போலீசுக்கு யாரும் போகவில்லை. அம்மா சித்ரா அக்காவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டியில் பழந்துணிகளுக்கு அடியில் வைத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஒரு வருடம் கழித்து வீரபாகு மறுபடியும் வந்து சின்னவளைக் கேட்டபோது, காறித் துப்ப வேண்டிய மனுசன் இன்னும் நம்மை மதித்துப் பெண் கேட்கிறாரே என்று அப்பா கண் கலங்கினார்.

மறுத்திருந்தால் யாரும் அவளைக் கட்டாயப்படுத்தியிருக்க மாட்டார்கள். இருபது வயது, கையில் பி.காம். பட்டம். ஆனாலும் அவள் சரி என்றாள். காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அக்கா காணாமல் போவதற்கு மூன்று வாரம் முன்னால் போன் செய்திருந்தாள். “ஒரு நாள் வந்துட்டுப் போ பாப்பா,” என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. யாழினி பரீட்சை இருக்கிறது என்றாள். பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. தோழிகளோடு ஈரோட்டுக்குத் துணி எடுக்கப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். செரி செரி, படி, என்று சிரித்துவிட்டு அக்கா வைத்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு ஒரு வருடத்துக்கு மேலாக யாழினியைத் தூங்கவிடவில்லை. ஓடிப்போகப் போகிறவள் அப்படிக் கூப்பிடுவாளா?

மூன்று நாளாக அவள் இந்த வீட்டைத் துழாவிப் பார்த்துவிட்டாள். அக்காவின் ரவிக்கை ஒன்று இல்லை. ஹேர்பின் இல்லை. கண்ணாடியில் ஒட்டிய பொட்டின் தடம்கூட இல்லை. எட்டு மாதம் ஒருத்தி வாழ்ந்த வீடு அவ்வளவு சுத்தமாக இருக்காது.

மீதி இருப்பது ஒன்பதாவது கொட்டகை. போகாதே என்றவர் சாவியை மட்டும் கொத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

யாழினி கையிலிருந்த முட்டையைப் பார்த்தாள். மின்விசிறிக்கு நேராக இத்தனை நேரம் இருந்தும் அதன் சூடு குறையவே இல்லை. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றிபோலச் சுட்டது. இதோடு போய் எங்காவது இடித்து உடைந்தால் வீரபாகுவுக்குத் தெரிந்துவிடும். அவள் புத்திசாலித்தனமாக யோசித்து, அரிசி டப்பாவைத் திறந்து, முட்டையை அரிசிக்குள் புதைத்து மூடினாள். சாவியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே வந்தாள்.

தூரத்தில் போதமலை வெயிலில் வெளிறிக் கிடந்தது. கொட்டகைகளுக்கு நடுவே போகும் மண்பாதையில் எச்சத்தின் காரநெடி கண்ணை எரித்தது. எட்டாவது கொட்டகையைத் தாண்டியதும் மரவள்ளிக் காடு, அதன் ஓரத்தில் தாழ்ந்த ஓட்டுக் கட்டடம், பக்கவாட்டில் காற்று நுழையாமல் தொங்கவிட்ட சாக்குத் திரைகள். ஓடுகள் விழுகிற மாதிரி இல்லை. ஒவ்வொன்றும் புதிதாக வேயப்பட்டிருந்தது. பூட்டுக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள்.

சாவி சத்தமில்லாமல் திரும்பியது.

உள்ளே இருட்டு. வெளியே இருந்த வெயிலின் சூடு அல்ல உள்ளே இருந்தது. போர்வைக்குள் இருக்கிற மாதிரி, இன்னொரு உடம்பின் சூடு. கோழி நாற்றமே இல்லை. தேங்காய் எண்ணெய், வியர்வை, திரிந்த பால் எல்லாம் கலந்து பிள்ளை பெற்ற அறைபோல ஒரு வாசனை. கண் பழகியதும் தரையில் வரிசையாக ஐந்து வைக்கோல் குழிகள் தெரிந்தன. முதல் குழியில் சாயம் போன ஒரு பழங்காலத்துக் கண்டாங்கிச் சேலை குவிந்து கிடந்தது. துணிமூட்டை என்றுதான் நினைத்தாள். அது மூச்சுவிட்டது. இரண்டாவதிலும் அப்படி ஒன்று. மூன்றாவதும். தலையைக் கக்கத்துக்குள் செருகி, முழங்காலை வயிற்றோடு மடக்கி.

நான்காவது குழியில் இருந்தது பச்சைச் சேலை. அக்காவின் முகூர்த்தத்துக்கு மறுநாள் கட்டிக்கொள்ள அம்மா எடுத்துக் கொடுத்த சேலை.

ஐந்தாவது குழி காலி. வைக்கோல் புதிது.

“அக்கா.”

பச்சைச் சேலை அசைந்தது. தலை மெல்ல வெளியே வந்தது. அன்புச்செல்வியேதான். கன்னம் ஒட்டியிருந்தது. மூக்குத்தி அப்படியே இருந்தது. தங்கையை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் அவள் வெறுங்கைகளைப் பார்த்தாள்.

“கையில குடுத்திருப்பாரே. எங்க அது?”

அரிசி டப்பாவில் வைத்திருப்பதாக யாழினி சொன்னாள். அக்காவின் முகத்தில் ஏதோ இடிந்து இறங்கியதை அந்த இருட்டிலும் அவள் கண்டாள்.

“ஓடு பாப்பா. ஓடிப் போயி எடுத்துட்டு வா.”

ஓடினாள். செருப்பு கழன்று விழ, அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஓடினாள். டப்பாவைத் திறந்து கையை விட்டாள். அரிசி ஈரமாக இருந்தது. முட்டை ஜில்லென்றிருந்தது. நூல்போல ஒரு கீறல். அதன் வழியே கசிந்த ரத்தத்தில் அரிசிமணிகள் ஒட்டியிருந்தன. துடைத்தாள். மறுபடி கசிந்தது.

அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். காதருகே வைத்துக் கேட்டாள். பிறகு கன்னத்தில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அழுகைச் சத்தம் வரவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

“என்னுதுதான் அது,” என்றாள் கடைசியில். “உனக்குத் தெரியாதில்ல. போனாப் போச்சாது, உடு.”

திட்டியிருந்தால் யாழினி தாங்கியிருப்பாள். அவள் வைக்கோலில் மண்டியிட்டு, அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். எந்திரி, ரோட்டுக்குப் போய்விடலாம், மூன்றேகால் பஸ் வரும், அது ராசிபுரம் போகும் என்று என்னென்னவோ சொன்னாள். அக்காவின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்திருந்தன. பின்கழுத்தில் முடி உதிர்ந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அப்பா தலையில் இருப்பதுபோலப் பஞ்சுத் தூசி, என்று நினைத்துக்கொண்டாள். அப்படியே நினைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நினைத்தாள்.

அன்புச்செல்வி சேலை மடிப்பை விலக்கிக் காட்டினாள். தொடைகளுக்கு அடியில் இன்னொரு முட்டை.

“இதையும் ஆற உட்டுட்டு எப்படி வாரது சாமி?”

கையோடு எடுத்துக்கொண்டு போகலாம் என்றாள் யாழினி. வெளிக்காற்றுப் பட்டால் அவ்வளவுதான் என்று அக்கா தலையசைத்தாள். முதல் குழியிலிருந்து தொண்டைக்குள் உருளும் அந்த முனகல் எழுந்து அடங்கியது.

“அம்மா என்னப் பத்திப் பேசுமா?” என்று அக்கா கேட்டாள்.

பெட்டியும் பழந்துணியும் யாழினியின் கண்முன் வந்தன.

“எந்நேரமும் உம் பேச்சுதான்.”

அன்புச்செல்வியின் முகம் மலர்ந்தது. சின்ன வயதில் இருந்த முகம் அது. தங்கையின் முழங்காலைத் தொட்டாள்.

“அப்ப ஒன்னு பண்றியா? செத்த நேரம் நீ இதுமேல உக்காந்துக்கறியா? நா போயி அம்மாவ ஒரு கண்ணு பாத்துட்டு ஓடியாந்தர்றேன். ஒரே ஒரு கண்ணு.”

வேண்டாம் என்றுதான் யாழினியின் உடம்பு முழுவதும் சொன்னது. ஆனால் ஒருமுறை இதே வாய் கேட்டு, அவள் பரீட்சை என்று சொல்லியிருக்கிறாள். அதோடு, அக்கா வீடு போய்ச் சேர்ந்துவிட்டால் போதும். அப்பா பார்ப்பார், ஊர் பார்க்கும், ஆட்களோடு வருவார்கள். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவார்கள். அதுவரைதானே.

“செரி. போயிட்டு வா,” என்றாள்.

தன் செருப்பைக் கொடுத்தாள். முந்தானையை எடுத்து அக்காவின் தலையும் கழுத்தும் மறையப் போர்த்திவிட்டாள். அன்புச்செல்வி எழுந்து நிற்க வெகுநேரம் பிடித்தது. எழுந்த இடத்தில், வைக்கோலின் சூடு ஆறுமுன், யாழினி உட்கார்ந்தாள்.

முட்டை சுட்டது. அந்தச் சூடு தொடை வழியே ஏறியது. இடுப்புக்கு. வயிற்றுக்கு. பயம்கூட மங்கிப்போகிற மாதிரி ஒரு இதம். காலை நீட்டிப் பார்க்க நினைத்தாள். கால் நீளவில்லை. நீட்ட வேண்டும் என்ற எண்ணமும் எங்கோ தூரத்தில், வேறு யாருடையதோபோல இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. பத்தடி. எழுந்தால் ஆறிவிடும். எழக்கூடாது.

அடியில் ஏதோ மெல்ல உதைத்தது.

தலைமாட்டில் சாக்குத் திரை கிழிந்திருந்தது. கழுத்தைத் திருப்பினால் அதன் வழியே மண்பாதையும் இரும்புக் கேட்டும் தார்ரோடும் தெரிந்தன. பச்சைச் சேலை கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. போய்விடுவாள். இன்னும் பத்து எட்டு வைத்தால் போதும். பஸ் நிற்கும் புளியமரம் அங்கேதான்.

கார் வந்தது. வீரபாகுவின் வெள்ளைக் கார். பொழுது சாயத்தான் வருவேன் என்று காலையில் சொல்லிப் போனவர் மூன்று மணி தாண்டியதுமே வந்துவிட்டார். கார் அக்காவின் அருகில் வந்து மெதுவானது. கண்ணாடிகூட இறங்கவில்லை. சின்னதாக ஒரு ஹாரன் அடித்தார். பாதையை மறிக்கும் கோழியை விலக்கும்போது அடிப்பதுபோல. அன்புச்செல்வி இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து பாதி தூக்கி, படபடவென்று அடித்துக்கொண்டு ரோட்டோரத்துக்கு ஓடினாள். கார் உள்ளே வந்துவிட்டது.

ஓடு அக்கா. பஸ் வருகிறது.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டான். அன்புச்செல்வி அவன் பக்கம் திரும்பவில்லை. ரோட்டோரத்தில் ஏதோ லாரி சிந்திவிட்டுப் போன மக்காச்சோளம் மஞ்சளாக இறைந்து கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். கைகள் இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டன. முந்தானை நழுவி விழுந்தது. இடுப்பிலிருந்து குனிந்தாள். கழுத்து ஒருமுறை வெட்டியது. இன்னொரு முறை.

பஸ் போய்விட்டது.

யாழினி முழு உயிரையும் திரட்டி, அக்கா என்று கத்தினாள். அது அங்கே எட்டியிருக்க வேண்டும். அன்புச்செல்வி தலையைத் தூக்கினாள். முகத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, கொட்டகை இருந்த திசையை ஒற்றைக் கண்ணால் சற்று நேரம் பார்த்தாள். பிறகு வெயிலில், அந்த வெறும் ரோட்டில், காலால் மண்ணை ஒருமுறை சீய்த்துவிட்டு, மறுபடியும் சோளத்தின் மேல் குனிந்தாள்.