பிரிஸ்கா கூப்பிட்ட பேர்கள்

மெக்சிகோ தலைநகரிலிருந்து வந்த சர்வேயர் உச்சி வெயிலில் கழுதையை விட்டு இறங்கினார். கோயில் வாசலில் பிரிஸ்கா ஒருத்திதான் நின்றாள்.

"ஊர்க்காரங்க எங்கம்மா?"

"வந்துருவாங்க ஐயா."

வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். கரும்புப் பண்ணைக்காரன் விழுங்கிய நிலத்தை மீட்கத் துப்பாக்கி தூக்கிப் போன ஊர் அது. பத்து வருஷப் புரட்சி முடிந்து உயிரோடு திரும்பியவள் அவள் மட்டுமே. இப்போது அரசாங்கமே நிலத்தைத் தருகிறேன் என்கிறது. ஆனால் வாங்கிக்கொள்ள ஊர் என்று ஒன்று இருக்க வேண்டுமே! பக்கத்து ஊர் ஆண்கள் இந்த ஊர்க்காரர்களாக வந்து நிற்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். பண்ணை அடியாட்கள் ஒரு சுற்று வந்துபோனதும் அந்த வாய்களெல்லாம் மூடிக்கொண்டன. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

"ஆள் இல்லேன்னா பண்ணை நிலம்னுதான் அளந்துட்டுப் போவேன். கூப்பிட்டுப் பாரும்மா, சீக்கிரம்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. படையில் சண்டை முடிந்த மாலைகளில் தலைவர் செத்தவர்களின் பேரைக் கூப்பிடுவார். மிச்சமிருப்பவர்கள் ஒரே குரலில் "இருக்கான்!" என்பார்கள். சோளம் அரைத்தபடி அவளும் எத்தனையோ முறை கத்தியிருக்கிறாள். இன்று அவளோடு சேர்ந்து கத்த ஒரு நாதியில்லை.

"மார்சியால்!" என்று கூப்பிட்டாள். அடுத்த வீட்டுக்காரர். ஆற்றங்கரையில் அவளே மண் தள்ளிப் புதைத்தவர்.

காற்று நின்றுபோனது.

"இருக்கேன்."

கோயில் சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். கூடவே ஈரமண் வாசனையும்.

"குமெர்சிந்தோ!"

"இருக்கேன்."

ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். வெள்ளைக் காடா உடுப்பு, முகத்தை மறைக்கும் அகன்ற ஓலைத் தொப்பி. அந்த வெயிலிலும் பிரிஸ்காவுக்குக் கைகால் சில்லிட்டது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

கடைசியாக ஒரு பேர்.

"ஒடிலோன்!"

அவள் புருஷன். செத்துப்போனான் என்று சேதி மட்டும்தான் வந்தது, உடல் வரவில்லை.

பதில் இல்லை.

மறுபடி கூப்பிட்டாள். எல்லாத் தொப்பிகளும் மெல்லத் தரையைப் பார்த்துக் குனிந்தன.

"பரவால்லம்மா, ஆள் போதும். நிலம் உங்களுக்குத்தான்," என்றார் சர்வேயர். "உங்க ஊர்ல யாரும் அதிகமா வாயே தொறக்க மாட்டாங்களோ? என் மாமியாரக் கொஞ்ச நாள் இங்க அனுப்பிவைக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே கழுதையேறிப் போனார்.

பொழுது சாய்ந்தது. கூரையில்லாத வீடுகளிலிருந்து அடுப்புப் புகை எழுந்தது. சோள அடை வேகும் வாசம் தெருவெல்லாம் பரவியது. பேச்சுச் சத்தம் மட்டும் எங்கும் இல்லை.

பிரிஸ்கா வாசற்படியில் உட்கார்ந்தாள். நிலம் கிடைத்துவிட்டது, சந்தோஷம்தான் வரவில்லை. ஒடிலோன் செத்திருந்தால் கூப்பிட்டதும் வந்திருப்பான். எங்கேயோ ஓர் ஊரில், எவளோ சுட்டுப்போடும் அடையைத் தின்றுகொண்டிருக்கிறான். இத்தனை வருஷமும் அவன் ஆத்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள், பைத்தியக்காரி. அவன் செத்திருக்கக் கூடாதா என்று முதன்முறையாக ஏங்கினாள்.

இடிந்த சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள்.

"அவன் எங்ககூட இல்ல, தங்கச்சி." மார்சியாலின் குரல் கிசுகிசுத்தது. "கதவச் சாத்திட்டுத் தூங்கு. நாங்க இருக்கோம்."