திறக்க மட்டும் தெரிந்த கதவு

யாரோ கதவைத் தட்டினார்கள். ராஜலிங்கத்துக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. சத்தம் கதவின் அடியில், தரைக்கு ஒரு சாண் மேலே கேட்டதே என்பது பிறகுதான் உறைத்தது. அதற்குள் அவன் கதவைத் திறக்கும் குழாயில் மூன்று முறை ஊதிவிட்டிருந்தான்.

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நிழல்மரம் வெட்ட ஏறி, விழுந்து, கழுத்தெலும்பு முறிந்து ஒன்பது வருஷம். தலையைத் தவிர எதுவும் அசையாது. காறையெலும்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. மனைவி வீரம்மா கண்டியில் புடவைக் கடைக்கு வேலைக்குப் போனால் திரும்ப ஏழு மணியாகும். மத்தியானம் லயத்தில் அடுத்த காம்பரா வீட்டு வேலாயி வந்து சோறு ஊட்டிவிட்டு, மறுபடி கொழுந்து பறிக்க மலைக்கு ஓடிவிடுவாள். ஆரம்பத்தில் வந்து பார்த்த சனமெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. அவனைத் தினமும் கொன்றது அந்தத் தனிமைதான்.

அந்தக் குழாய்க் கருவியை மடவளை ஊர்ப் பொறியியலாளர் றம்லத்தும் அவனுமாக, ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லுக்கட்டிச் செய்தார்கள். குழாய் வாய்க்கு எவ்வளவு கிட்டே நிற்கவேண்டும், எவ்வளவு ஊதினால் போதும் என்றெல்லாம் அவன் சொல்லச் சொல்ல அவள் மாற்றினாள். ஒரு ஊதலுக்கு விளக்கு, இரண்டுக்கு வீரம்மாவின் ஃபோனுக்கு அழைப்பு, மூன்றுக்குக் கதவு. கதவில் மட்டும் இழுபறி.

"இப்பைக்கு ஒண்டுதான் செய்ய ஏலும் அண்ணன். தொறக்கிறதா, மூடுறதா? எது முந்தி வேணும்?"

"தொறக்கிறதுதான் தங்கச்சி. வாரவங்கள நானே வாங்கன்னு சொல்லணும். மூடி என்னா செய்யப் போறேன், யாரு வாரா?"

இப்போது கால்மாட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. படுத்த வாக்கில் அதன் மேல்பாதிதான் அவனுக்குத் தெரியும். மூன்று மணிக்கே இறங்கிவிட்ட மூடுபனி அங்கே வெள்ளையாக நின்று, அழுகிய இலை வாடையோடும் ஈரமண் வாடையோடும் மெல்ல உள்ளே நகர்ந்தது. ஆளைக் காணோம்.

"யாரு? உள்ள வாங்க," என்றான்.

ஈரச் சாக்கைச் சிமெந்துத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம், கொஞ்சம் இழுத்து, நின்று, மறுபடி இழுத்து, கட்டிலை நோக்கி வந்தது. கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒன்றுமில்லை. வந்தது தரையோடு வந்தது.

"வேலாயி அக்கா?"

சத்தம் கட்டிலுக்கு அருகில் நின்றது. அவன் இரண்டு முறை ஊதினான்.

"என்னங்க?" ஃபோனில் வீரம்மா.

"கதவத் தொறந்துட்டேன் புள்ள. என்னமோ உள்ள வந்திருக்கு."

"நாயா இருக்கும். அதுக்கு ஏன் இப்பிடி மூச்சு வாங்குறீங்க?"

ராஜலிங்கம் மூச்சை அடக்கிக்கொண்டான்.

"இன்னும் வாங்குறீங்களே," என்றாள்.

குழாய் அவன் உதட்டை விட்டு விலகியது. மெதுவாக. யாரோ ஒதுக்கி வைத்ததைப் போல.

"ஏங்க? பேசுங்க. ஏங்க?"

காலடியில் போர்வை அமுங்கியது. ஒரு பள்ளம். பக்கத்தில் இன்னொன்று. காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

முழங்கால். தொடை. வயிறு.

தலையைத் திருப்பி உதட்டால் குழாயைத் தேடினான். எட்டவில்லை. நெஞ்சின் மேல் போர்வையில் ஐந்து விரல்கள் பதிந்தன.

பிறகு அது காறையெலும்பைத் தாண்டியது. இப்போது தெரிந்தது. ஈரம். சில்லிப்பு. கழுத்தை, தாடையை, கன்னத்தை அந்த விரல்கள் பரிவோடு வருடின. ஒன்பது வருஷத்தில் யாரும் அவனை அப்படித் தொட்டதில்லை.

ஃபோனில் வீரம்மா அழத் தொடங்கியிருந்தாள். அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். காதோரம் தலையணையின் மறுபாதி, ஒரு தலை வந்து சாய்வது போல, மெல்ல அமுங்கியது.