எல்லாருக்கும் நடு இருக்கை

யானைக்காட்டுச் சவாரியின் வாசலில் இப்போதெல்லாம் நடு இருக்கைக்காக யாரும் அடித்துக்கொள்வதில்லை. வண்டி வந்து நிற்கிறது. கிடைத்த இடத்தில் ஏறி உட்காருகிறார்கள். இருட்டுக்குள் ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பும்போது எட்டுப் பேருக்கும் வாயெல்லாம் பல். "யானை என்னையத்தான் பாத்துச்சு" என்று எட்டுப் பேரும் சொல்கிறார்கள். எட்டும் உண்மைதான். அது லக்ஷிதாவின் கண்டுபிடிப்பு.

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அந்தக் கேளிக்கைப் பூங்காவுக்கு அவள்தான் திரைப் பொறியாளர். ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாகப் படம் காட்டும் அந்தத் தனிக்கண் திரையை அவள் டிக்கெட் விற்பனைக்காக உண்டாக்கினாள் என்று பூங்கா முதலாளிகள் இன்றுவரை நம்புகிறார்கள். நம்பட்டும், பாவம். அவள் அதை உண்டாக்கியது ஒரே ஒரு மனிதருக்காக. அவளுடைய அண்ணன் ருத்விக்குக்காக.

ருத்விக் என்றதும் யாரோ சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தத் தலைமுறைக்கு வைத்த பெயர்கள் அப்படி. இவர் மீசை நரைத்த தென்னந்தோப்புக்காரர், தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொள்பவர். வருஷக்கணக்காகத் தங்கை வீட்டு வாசல்படி மிதிக்காமல் இருந்தவர். காரணம் ஒரு யானை. அதுவும் படத்து யானை.

சவாரியில் முன்பு இருந்த குழிந்த திரையில் ஒரு சூட்சுமம் உண்டு. இருட்டில் வண்டி நகரும், எதிரே வளைந்த திரையில் காடு நகரும். திரையின் விளிம்பில் நிஜ மூங்கிலும் நிஜப் பாறையும் வைத்திருப்பதால், எங்கே நிஜம் முடிந்து படம் தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. வண்டி இம்மியளவு நகர்ந்தாலும் படமும் அதற்கேற்ப நெளிந்துகொடுக்க வேண்டும். அப்போதுதான் திரை ஜன்னலாகத் தெரியும். கூடவே வண்டியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, படத்தை முன்னால் ஓடவிட்டு, முகத்தில் காற்றையும் அடித்தால் தீர்ந்தது. பத்தடிகூட நகராத உடம்பு, பறந்தேன் என்று சத்தியம் செய்யும். எல்லாம் சரி, ஆனால் அந்த நெளிவை ஒரே ஒரு கண்ணுக்குத்தான் கணக்கிட முடியும். வண்டியின் நட்டநடுவில் உட்கார்ந்திருப்பவருடைய கண்ணுக்கு. ஓரத்தில் இருப்பவருக்கு எல்லாம் கொஞ்சம் கோணல்தான்.

சவாரி திறந்த அன்று லக்ஷிதா குடும்பத்தையே கூட்டிப்போனாள். மரியாதைக்கு மாமனார் செந்தில்குமாரை நடுவில் உட்காரவைத்தாள். அண்ணன்தானே, தப்பாக நினைக்கமாட்டார் என்று ருத்விக்கை இடது ஓரத்தில் ஏற்றிவிட்டாள். உள்ளே யானை வந்ததும் மற்றவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ருத்விக்குக்கு மட்டும் அது முகம் நசுங்கி, ஒரு கண் காதுப்பக்கம் ஒதுங்கி, அவரைப் பார்க்கவே பிடிக்காதது போலத் திரும்பி நின்றது.

இறங்கியதும் ஆரம்பித்துவிட்டார். "என்ற தங்கச்சி உண்டாக்குன யானை. உன்ற மாமனாருக்கு நேரா நின்னு கும்புடுது. எனக்கு மட்டும் மூஞ்சியத் திருப்பிக்குதா?"

"அண்ணா, அது திரையோட கணக்குங்கண்ணா. ஓரத்துல இருந்தா அப்படித்தானுங்க தெரியும்."

"ஓரத்துல என்னைய உக்கார வெச்சது யாரு? கணக்கா?"

அவர் விறுவிறுவென்று போய்விட்டார். அதோடு சரி. பொங்கல் சீர் ஆள் மூலமாக வந்தது, அவர் வரவில்லை. படத்துக்காகப் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் தங்கை எந்த ஊரிலாவது உண்டா? எங்கள் பக்கம் உண்டு.

லக்ஷிதாவுக்கு அது நெஞ்சில் தைத்தது. அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் காரணம். ஒரு திரை ஏன் ஒரே கண்ணுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும்? வேலை முடிந்த பொழுதெல்லாம் அதிலேயே கிடந்தாள். திரையின் மேற்பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத வில்லைப் பற்களைப் பதித்தாள். ஒவ்வொரு திசையிலும் அவை வேறு வேறு படத்தை அனுப்பின. வண்டிக்கு மேலே விழித்தேடி என்று ஒரு கருவியைப் பொருத்தினாள். அது எட்டுச் சோடிக் கண்களையும் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காட்டை நெளித்துக் கொடுத்தது. அதோடு விடவில்லை. நேராகத் தெரிந்தால் மட்டும் மனிதனுக்குப் போதாது, தன்னைப் பார்க்கவும் வேண்டும் என்பதை அண்ணனிடம் படித்திருந்தாளே! ஆகவே யானை ஒவ்வொருவரையும் முதலில் பார்த்து வணங்கும்படி செய்தாள். யார் கையை நீட்டினாலும் தும்பிக்கை அந்தக் கைக்கு வரும். இதற்கு 'இருக்கை மரியாதை' என்று பெயரும் வைத்தாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஊரே பிடித்துக்கொண்டது. வகுப்பறைத் திரையில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் நேராகப் பார்த்துப் பாடம் நடத்தினார். கட்சி மாநாட்டில் தலைவர் கடைசி வரிசைத் தொண்டனைக் கண்ணோடு கண் பார்த்துக் கையசைத்தார். எல்லாருக்கும் பரம திருப்தி. அண்ணன் மட்டும் வரவில்லை.

இந்த நிலையில்தான் லக்ஷிதாவின் மகள் ஆதிரைக்குக் கல்யாணம் கூடிவந்தது. தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மணவறைக்கு அழைக்க முடியாது. வேறு யாரையாவது விட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று கணவன் சொன்னபோது லக்ஷிதா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே தள்ளிவிட்டாள். வெற்றிலைத் தட்டோடு தோப்புக்குப் போனாள்.

ருத்விக் கட்டிலைவிட்டு எழவில்லை. "வாரேன். ஆனா முன் வரிசைல, நடுவால இருக்கோணும். இன்னொருக்கா ஓரத்துல உக்கார என்னால ஆகாது அம்மிணி."

"சரிங்கண்ணா."

சரியென்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், மாமனாருக்கும் அதே இடம் வேண்டுமாம். மாப்பிள்ளையின் தாத்தா அந்த இடத்தை நிச்சயத்தன்றே கேட்டு வைத்துவிட்டாராம். ஒரு மண்டபத்துக்கு எத்தனை நடுதான் இருக்கும்?

லக்ஷிதா யோசித்தாள். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஆளுயரத்துக்கு மேல் ஒரு தனிக்கண் திரையை நிறுத்த ஏற்பாடு செய்தாள். மேடையைச் சுற்றிப் படக்கருவிகள் இருக்கும். நடப்பதை அவை பிடித்துக் கொடுக்க, திரை ஒவ்வொரு நாற்காலிக்கும் தனியாக வரைந்து காட்டும். முன் வரிசைகளுக்குச் சவாரி வண்டியின் சாய்வு நாற்காலிகளையே பூங்காவிலிருந்து இறக்கிவிட்டாள். காதருகே ஒலியும் அவரவர்க்குத் தனி.

"மேடைக்கு முன்னால திரையா? அப்ப நான் எங்கம்மா தெரிவேன்?" என்றாள் ஆதிரை.

"எல்லாருக்கும் நேரா தெரிவே கண்ணு. மாமா வர்றாரு, அது போதும்."

இருக்கை மரியாதையை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. இருந்துவிட்டுப் போகட்டுமே, மணப்பெண் ஒவ்வொருவரையும் முதலில் பார்த்துச் சிரித்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டாள்.

முகூர்த்தத்தன்று காலையில் ருத்விக் பட்டு வேட்டியும் கையில் ரோஜா மாலையுமாக வந்து இறங்கினார். காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். திரை உயிர்பெற்றதும் அவர் முகம் மலர்ந்ததை லக்ஷிதா மேடைப் பக்கமிருந்து பார்த்தாள். பின்னாலிருந்து பார்த்தால் அது வெறும் கண்ணாடி, மண்டபம் முழுக்கத் தெரியும். அவர் மட்டுமா? மண்டபமே மலர்ந்திருந்தது. பந்தல் சரியில்லை என்றோ காப்பியில் சர்க்கரை இல்லை என்றோ ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அந்தக் குடும்பத்துக் கல்யாண வரலாற்றில் அப்படி நடந்ததே கிடையாது.

பெண்ணை அழைத்துவந்து நிறுத்தினார்கள். ஆதிரை கழுத்தைத் தாழ்த்தி நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். மாமன் வரவில்லை.

லக்ஷிதா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ருத்விக் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கைகளாலும் மாலையை முன்னே நீட்டினார். நாற்காலி அவரை மெதுவாக முன்னால் சாய்த்தது. ஏதோ ஒன்றைக் கண்ணும் கருத்துமாகச் சரிசெய்தார். பிறகு சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தார். மாலை அவர் மடியில் கிடந்தது. பக்கத்து வரிசையில் மாமனார் செந்தில்குமார் காற்றைத் தொட்டு ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார். இன்னும் தாலியே கட்டவில்லை! மாப்பிள்ளையின் தாத்தா யாரிடமோ தாம்பூலம் வாங்கிக்கொண்டிருந்தார். ஒருவர் கண்ணும் ஆதிரை நின்ற இடத்தில் இல்லை; இருக்கை மரியாதை ஒவ்வொரு நாற்காலிக்கும் தனியாக ஒரு கல்யாணத்தை நடத்திக்கொண்டிருந்தது.

லக்ஷிதா படியிறங்கி ஓடினாள். "அண்ணா, எந்திரிச்சு வாங்க. மாலை போடோணும்."

"போட்டாச்சே அம்மிணி!" கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னார். "பாத்தியில்ல? எப்பிடிக் குனிஞ்சு வாங்கிக்கிட்டா, தங்கம்."

"இல்லீங்கண்ணா. மாலை உங்க மடியில இருக்குது பாருங்க."

"சரி சரி. நீ போயி மத்த வேலையப் பாரு. எனக்கு ஒரு கொறையும் இல்ல சாமி."

அந்தக் குரலில் அன்பு வழிந்தது. வாழ்நாளில் முதல் முறையாக அண்ணனுக்கு அவள்மேல் ஒரு குறையும் இல்லை. கோபத்தில் இருந்தபோதாவது இந்த மனிதரை எட்டிப் பிடிக்க ஒரு வழி இருந்தது. இப்படித் திருப்தியாக இருப்பவரை எதைச் சொல்லி எழுப்புவது? மேடையிலிருந்து புரோகிதர், "நேரம் போயிண்டிருக்கும்மா, மாமாவைச் சீக்கிரம் வரச்சொல்லுங்கோ" என்று குரல் கொடுத்தார். அது கூட்டத்தில் வேறு யார் காதிலும் விழவில்லை, லக்ஷிதா காதில் மட்டும் இடியாக விழுந்தது.

நேராக மேடையேறிப் போய்த் திரையை அணைத்தாள்.

திரை வெறும் கண்ணாடியாகிவிட்டது. அதற்கப்பால் உள்ளபடியே மேடை. வெறுங்கழுத்தோடு ஆதிரை நின்றாள். யாரையும் பார்த்து அவள் சிரிக்கவில்லை, வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒவ்வொருவரும் தாங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று கண்டுகொண்டார்கள். எல்லா நாற்காலியும் நடு நாற்காலிதானே என்று லக்ஷிதா இடம் பார்க்காமல் போட்டிருந்தாள். ருத்விக்கின் நாற்காலிக்கு நேரே, கண்ணாடிக்கு அப்பால், மேடையோரத்துத் தூண் ஒன்று மறைத்துக்கொண்டு நின்றது.

"அடிப்பாவி!" என்று எழுந்தார் ருத்விக். "தூணுக்குப் பொறத்தாலயா என்னைய உக்கார வெச்சே?"

மாலையை இழுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தார். படியேறும்போதே கத்தினார். கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு வந்து லக்ஷிதாவின் முகத்துக்கு நேரே நின்று கத்தினார். வாசல்படி மிதிக்காமல் இருந்த வருஷங்களில் சேர்த்துவைத்தது முழுவதும் வந்தது. யானை வந்தது, பொங்கல் வந்தது, மாமனார் வந்தார், அவள் போன் பண்ணாத தீபாவளி வந்தது. லக்ஷிதா கண்ணில் நீர் வழிய, அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வந்துவிட்டாரே! திட்டுவதற்காகத்தான் என்றாலும் எழுந்து, நடந்து, இத்தனை கிட்டத்தில் வந்துவிட்டாரே.

"மாமா, கழுத்து வலிக்குது. மாலையப் போட்டுட்டுத் திட்டுங்க" என்றாள் ஆதிரை.

அவர் திட்டிக்கொண்டே போட்டார். மாலை நெற்றிச்சுட்டியில் மாட்டிக்கொண்டது. இழுத்ததில் இரண்டு ரோஜா உதிர்ந்தது, ஆதிரை "ஆ" என்றாள். லக்ஷிதாவும் ஒரு பக்கம் பிடித்துக் கழற்றிவிட வேண்டியிருந்தது. அதற்குள் மற்றவர்களும் அவரவர் குறையைச் சொல்ல மேடையேறிவிட்டார்கள். அந்த நெரிசலிலும் கூச்சலிலும்தான் தாலி கட்டி முடிந்தது.

ஆயிற்று. மறுவாரமே பூங்காவில் தொலைபேசி ஓயவில்லை. மேடையேறிச் சண்டை போட்ட அதே சொந்தங்கள்தான். தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் அந்தத் திரை வேண்டும், ஆனால் நடுவில் அணைக்கக் கூடாதாம். அன்றைக்குத் தங்கள் நாற்காலிக்குத் தெரிந்த படத்தின் பதிவையும் எல்லாரும் கேட்டு வாங்கிப் போனார்கள். அந்தக் குடும்பத்தில் இன்று ஆதிரையின் கல்யாணம் வீட்டுக்கொரு விதமாக நடந்திருக்கிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக்காரருக்குத்தான் முதல் மரியாதை. ருத்விக்கும் வாங்கிக்கொண்டார். அவருடைய பதிவில் மாலை பூப்போல விழுகிறது, ஆதிரை அழகாகக் குனிகிறாள். தோப்புக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் போட்டுக் காட்டுகிறார்.

திரையை அணைத்த பிறகு நடந்ததை மண்டபத்து மூலையில் இருந்த ஒரு சாதாரணப் படக்கருவி பிடித்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. லக்ஷிதா மட்டும் வைத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தேங்காய் மூட்டையோடு ருத்விக் உள்ளே வந்தார். படத்தில் அவர் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தார். மாலை சுட்டியில் மாட்டியிருந்தது.

"இதையெல்லாம் எதுக்கு அம்மிணி வெச்சிருக்கே? கருமம். அத நிறுத்து."

அவள் நிறுத்தக் கையை நீட்டினாள். அவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுப் படத்தையே பார்த்தபடி அங்கேயே நின்றார். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாலையைக் கழற்றிவிடும் இடம் வந்தது. பிறகு கூட்டம் மறைத்தது, படம் முடிந்தது.

"ஏனுங்கண்ணா, அழிச்சுடட்டுங்களா?"

ருத்விக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொருக்கா போடு" என்றார்.