பதினோரு நிமிடம் பின்னால்

"பாப்பாவைத் தூங்க வெச்சுட்டு அடுப்படிக்கு வந்துட்டேன்" என்று மனைவி போனில் சொன்னாள். ஆனால் அலுவலகத்தில் அவன் முன்னாலிருந்த திரையில், அவள் இன்னமும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கணம் திரையருகே குனிந்தான். பிறகு படத்தின் மூலையில் ஓடிய கடிகாரத்தைப் பார்த்தான். பதினோரு நிமிடம் பின்தங்கியிருந்தது. அட, எல்லாம் தன் கைவேலைதான். அலுவலகத்தில் யார் பாட்டுக் கேட்டாலும் படம் பார்த்தாலும் இணைய வேகத்தைக் குறைத்துவிடுகிற அவனுக்கு அணைக்கட்டு என்றே பட்டப்பெயர். வீட்டு ரவுட்டரையும் அவன் விட்டுவைக்கவில்லை. அதில் லினக்ஸை ஏற்றி, குழந்தை அறைக் கேமரா இவ்வளவுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று அன்று காலையில்தான் வரம்பு கட்டியிருந்தான். மகள் விஷயமாயிற்றே, படத்தில் ஒரு துணுக்கும் தவறக் கூடாது என்று, வரம்புக்கு மேல் வருவதைத் தள்ளிவிடாமல் வரிசையில் நிறுத்தி வைக்கச் சொன்னான். அங்கேதான் கோட்டை விட்டான். வரிசை நீண்டால் படம் பழசாகிவிடும். ஊருக்கெல்லாம் அவனே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது.

தன்னைத்தானே திட்டிச் சிரித்துக்கொண்டு ரவுட்டருக்குள் நுழைந்து, கேமரா நொடிக்கு எவ்வளவு அனுப்புகிறது என்று காட்டும் எண்ணைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

அசைவில்லாத அறையிலிருந்து கேமரா அனுப்புவதற்கு அநேகமாக ஒன்றுமே இராது. எது மாறுகிறதோ அதை மட்டும்தான் அது அனுப்பும். மூடிய அறைக்குள் இரண்டு வயதுக் குழந்தை தனியே தூங்கும்போது எண் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். இதுவோ கடைத்தெருக் கூட்டத்தைப் படம் பிடிப்பதுபோல் ஏறிக்கொண்டேயிருந்தது. ஏசியின் உறுமலும், பின்னால் யாரோ காகிதம் கிழிக்கும் சத்தமும், மேசையில் ஆறிப்போன காபியின் வாடையும் ஒவ்வொன்றாக அவனைவிட்டு விலகிப்போக, அந்த எண் மட்டும் கண்ணெதிரே நின்றது. அவனுக்குப் பயமாக இருந்தது.

"பாப்பா முழிச்சுட்டாளா? கொஞ்சம் பாரேன்."

செருப்புச் சத்தம் போனில் கேட்டது. கதவு முனகியது. எண் சட்டென்று சரிந்தது. ஒரே ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு.

"அசையாம தூங்குறா. ஏங்க?"

"சும்மாதான். கதவைத் திறந்தே வை."

அவள் அடுப்படிக்குத் திரும்பும் சத்தம். தூரத்தில் டப்பென்று ஓர் ஒலி.

"அதுவே சாத்திக்கிச்சு, காத்துல."

எண் ஏறியது. முன்னைவிட வேகமாக.

"உள்ள போய் அவளைத் தூக்கிட்டு வெளிய வந்துடு. இப்பவே."

"இப்பதானே தூங்குனா, எழுப்பச் சொல்றீங்க! உங்களுக்கு என்னதான் ஆச்சு? சரி, நானும் பக்கத்துல படுத்துக்கிறேன், போதுமா?"

கதவு மறுபடி முனகியது. எண் இம்முறை இறங்கவில்லை.

வரம்பை நீக்கக் கட்டளை அடித்தான். இரண்டு முறை தப்பானது. மூன்றாம் முறை போயிற்று. வரிசையில் காத்திருந்த பதினோரு நிமிடமும் அழிந்தது. திரை கறுத்தது.

வந்தது. இந்தக் கணத்தின் படம்.

அறை நிறைய ஆட்கள். சுவருக்குச் சுவர். நெருக்கியடித்து. உயரத்திலிருந்த கேமராவுக்கு உச்சந்தலைகள் மட்டுமே தெரிந்தன. எல்லாத் தலைகளும் கட்டிலைப் பார்த்துக் குனிந்திருந்தன. நடுவில் மனைவி. கண்ணை மூடி, ஒருக்களித்து. அவள் கை குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தது.

கத்தினான். பாதிதான் வெளியே வந்தது. "தூக்கு... அவளைத் தூக்கிட்டு ஓடு..."

"ஷ்ஷ். கத்தாதீங்க."

கைகள் இறங்கின. பல கைகள். மெத்தையை விட்டுக் குழந்தை எழும்பியது. தலை தொங்கியது. ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு. அடுத்ததற்கு. படத்தின் விளிம்பை நோக்கி.

மனைவியின் கை வெறும் மெத்தையைத் தட்டிக்கொண்டேயிருந்தது.

"நல்லா தூங்குறா" என்றாள் மெதுவாக. "மூச்சு என் கன்னத்துல படுது."