இவர் புலம்பலுக்கு

எங்கள் வீட்டில் காலை ஆறரைக்குக் குளியலறை வாளியில் வெந்நீர் தானாக நிறையும். எனக்கு அந்தச் சூடு எப்போதும் அதிகம்.

"ஏட்டி, கோழியா உரிக்கப் போற?" என்று உள்ளிருந்து கத்துவேன்.

"உரிச்சாத்தான் உங்க அழுக்கு போகும்" என்பாள் என் மனைவி தமயந்தி, அடுக்களையிலிருந்து. இருபத்திரண்டு வருடம் இதே பேச்சு. அவள் இறந்த பிறகும் நீர் அதே சூட்டில்தான் வந்தது. நான்தான் கத்துவதை நிறுத்தியிருந்தேன்.

அப்போது தூத்துக்குடியில் விளக்கு, கதவு, வெந்நீர் எல்லாவற்றுக்கும் மூடுபொதிகள்தான். சர்வரில் மூடிவைத்த சின்னச் சின்னக் கட்டளைகள். ஒவ்வொருவரின் விருப்பங்களும் வழக்கங்களும் சேர்ந்த பதிவுக்குத் தன்னுரு என்று பெயர். பொதி, தன்னை எழுதியவரின் தன்னுருவைக் கையோடு பிடித்திருக்கும். இறந்தவரின் தன்னுருவை நாற்பதாம் நாள் கலைத்துவிடுவார்கள். ஒரே ஒரு பொதி பிடித்திருந்தாலும் கலைக்க முடியாது.

முப்பத்தெட்டாம் நாள் தன்னுருப் பதிவகத்திலிருந்து பர்வீன் வந்தார். தமயந்தியோடு பொதி எழுதும் வேலை பார்த்தவர்.

"அண்ணாச்சி, அக்கா மத்த எல்லாத்தையும் தன்னுரு இல்லாமத்தான் எழுதியிருக்காவ. 'ஒரு கதவைத் தொறக்க நான் எதுக்கு'ம்பாவ. வெந்நீர்ப் பொதி ஒண்ணுதான் அவகளைப் பிடிச்சிட்டிருக்கு. அதை உங்க தன்னுருவோட கட்டிட்டா, உங்க சூட்டுல தண்ணி வரும். அவகளையும் விட்டுரலாம்."

"விட்டுட்டா?"

"அப்புறம் சர்வர்ல அக்கா எங்கயும் இருக்க மாட்டாவ." பர்வீன் என் முகத்தைப் பார்த்தார். "கட்டிப் பாருங்க. பழசை நாப்பதாம் நாள் வரைக்கும் வச்சிருக்கேன்."

சரியென்றேன். எத்தனை வருடம்தான் வெந்துகொண்டிருப்பது?

மறுநாள் ஆறிப்போன தண்ணீர் வந்தது. இடுப்பில் துண்டோடு பர்வீனை அழைத்தேன்.

"எனக்கு முப்பத்தெட்டு டிகிரி வேணும். முப்பத்தஞ்சு வருது. என்னத்தம்மா கட்டின?"

அவர் பொதியைத் திறந்து படித்தார்.

"அண்ணாச்சி, இதுக்குள்ள ஒரு எண்ணை வச்சு மூடியிருக்காவ. மூணு. தன்னுருவோட சூட்டுல மூணைக் கழிக்குது."

"எதுக்கு மூணு?"

"பேரு போட்டிருக்கு. 'இவர் புலம்பலுக்கு.'"

எழுதிய தேதி, எங்கள் கல்யாணம் முடிந்த எட்டாம் நாள்.

அவளுடைய தன்னுருவில் இருந்த சூடு நாற்பத்து நான்கு. அந்த எட்டாம் நாளிலிருந்து அவளும் நாற்பத்தொன்றில்தான் குளித்திருக்கிறாள். அதையும் கொதிக்கிறது என்று நான் கத்தியிருக்கிறேன். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம் அவள்.

"அந்த மூணை எடுத்துர முடியாதா?"

"தன்னுருவை மாத்தலாம் அண்ணாச்சி. எழுதும்போது உள்ள வச்சு மூடினதை யாரும் மாத்த முடியாது."

"அப்போ அவளோடயே கட்டிரும்மா."

"அப்படிக் கட்டினா அவகளைக் கலைக்க முடியாது. காலம்பூரா உங்களுக்கு நாப்பத்தொண்ணுதான்."

"இருக்கட்டும்."

நாற்பதாம் நாள் ஆறரைக்கு வாளி நிறைந்தது. நாற்பத்தொன்று. அடுப்பில் ஒரு கெட்டில் நீரைக் கொதிக்கவைத்து, வெப்பமானியைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் சேர்த்தேன். நாற்பத்து நான்கு ஆனதும் முதல் செம்பைத் தோளில் ஊற்றிக்கொண்டேன். தோல் சிவந்தது.

வாளி காலியாகும்வரை வாய் திறக்கவில்லை.