கடன் தீர்ந்தது... கணவன் வந்தான்

போன் அடித்தது.

சலவைக்கடைக்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஒரு காலத்தில் அந்த போன் ஓயாமல் அடிக்கும். எல்லாம் கடன் வசூல்காரர்கள். திவால் மனு போட்டாள். வசூலுக்குக் கோர்ட் தடை போட்டது. போன் அடங்கிப்போனது.

இப்போது யார்?

எடுத்தாள்.

ஒரு செருமல். பதினான்கு வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட செருமல்.

"நான்தான்... பேப்பர்ல பார்த்தேன். கடனெல்லாம் ரத்தாயிடுச்சாமே. நான் வரலாமா?"

கேட்டவன், போன வருடம் ஆற்றில் விழுந்து செத்துப்போன அவள் கணவன்.

கத்த வேண்டும் போலிருந்தது.

"வாங்க" என்றாள். "கடை மூடற நேரத்துக்கு வாங்க."

அன்று பாலத்தில் அவன் பைக் மட்டும் நின்றது. சில நாள் கழித்து உடல் கரை ஒதுங்கியது. முகம் மிச்சமில்லை. 'இது அவர் சட்டைதான்' என்று அவள்தான் அடையாளம் சொன்னாள். அடக்கம் முடிந்த கையோடு கடன்காரர்கள் வந்தார்கள். இரண்டாவது கடை போடப்போவதாகச் சொல்லி அவன் வாங்கிய கடனுக்கெல்லாம் அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

இரண்டாவது கடை எங்கேயும் இல்லை.

"திவால்னு போனா என்ன நடக்கும் மேடம்?" என்று வக்கீலம்மாவிடம் கேட்டாள்.

"ஒரு அதிகாரி வருவார்மா. கட்டில், பீரோன்னு ஒவ்வொண்ணுக்கும் விலை போடுவார். பொழப்புக்கான மெஷினை விட்டுடுவாங்க. அப்புறம் கோர்ட்ல, கடன்காரங்க முன்னாடி கேள்வி கேப்பாங்க. அழணும்னா அழுங்க. பொய் மட்டும் சொல்லாதீங்க."

அவள் அழவில்லை. கட்டிலைத் தூக்கிப்போனபோதும் அழவில்லை. தரையில் பாய் விரித்துப் படுத்தாள். கோர்ட்டில் கடன்காரன் ஒருத்தன் கேட்டான். "புருஷன் நீட்டினா படிக்காம கையெழுத்துப் போடுவியா?"

"போட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

அந்தி சாய்ந்தது. ஷட்டரைப் பாதி இறக்கியபோது அவன் குனிந்து உள்ளே வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். புதுச் செருப்பு.

"எப்படி இருக்கே?"

"இருக்கேன். தண்ணி குடிக்கறீங்களா?"

குடித்தான். "வேற ஊருக்குப் போயிடலாம். எல்லாம் முடிஞ்சதுல்ல..."

"ஒண்ணு கேக்கணும். நான் அடக்கம் பண்ணினேனே... அது யாரு?"

"அதை விடு."

"மூணு நாள் சாப்பிடாம கெடந்தேன், அந்த ஆளுக்காக. யாருன்னு தெரிஞ்சுக்கறேனே."

அவன் பெருமூச்சு விட்டான். "பாலத்துக்கடியில குடிச்சிட்டுக் கெடந்தான். கேக்க நாதியில்லாதவன். என் சட்டையை மாட்டி... தள்ளிட்டேன். எனக்கு வேற வழி தெரியலை."

"உயிரோடயா?"

ஆமென்று தலையாட்டினான்.

அவள் இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தாள்.

"ரத்தானது நான் போட்ட கையெழுத்துக்கான பொறுப்பு மட்டும்தாங்க. உங்களைச் செத்தவர் கணக்குல தள்ளி வெச்சிருந்தாங்க. நீங்க உயிரோட வந்தா உங்க கடன் அத்தனையும் உங்க தலையிலதான்."

அவன் முகம் வெளுத்தது. "அப்போ எதுக்கு வரச் சொன்னே?"

தொங்கிக்கொண்டிருந்த கோட்டுகளும் புடவைகளும் விலகின. பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்குப் பின்னால் வக்கீலம்மா.

"கடனை அப்புறம் பேசிக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "முதல்ல கொலையைப் பேசலாம், வா."

விலங்கு மாட்டும்போது அவன் திரும்பினான். குரல் உடைந்தது.

"நீயாவது எனக்கு ஒரு நல்ல வக்கீலாப் பாரு. கடனோ உடனோ வாங்கி ஃபீஸ் கட்டிடு..."

ஷட்டரை முழுக்க இறக்கக் கொக்கியைத் தேடிக்கொண்டே அவள் சொன்னாள்.

"நான் திவாலானவளுங்க. எனக்கு எவன் கடன் குடுப்பான்?"